கமாண்டரின் மகள்

பழுப்பு உறை ஒன்றை என் வண்டியின் சன்னல் வழியாக நீட்டி, டவுனுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடச் சொன்னாள் மாரிட். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நான் மீன் வறுவல் தின்னப் போவேன் என்பது இந்த மலைமுகடு முழுக்கத் தெரிந்த விஷயம். உறை கனமாக இருந்தது. குலுக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கலகலத்தது.

"என்னம்மா இது, காதல் கடிதமா?"

"காதல் இல்ல, காது. நாப்பத்து மூணு காது. குலுக்காதீங்க செல்மர்."

அவள் சிரிக்கவில்லை. ஐந்து வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் அப்பா ஆர்விட்டுக்கு இடுப்பெலும்பை மாற்றி வைத்த நாளிலிருந்து பால் கறப்பது, தீனி கலப்பது, சோளம் அறுப்பது எல்லாம் அவள் தலையில். ஒருத்தியால் முடியாது, டிசம்பருக்குள் பன்னிரண்டு மாடுகளையாவது கழித்தாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். எந்தப் பன்னிரண்டு என்பதில்தான் அப்பாவோடு தகராறு; ரத்தத்தைப் பார்த்துக் கழிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. எந்த மாட்டின் ரத்தத்தில் என்ன நோய் காத்திருக்கிறது என்று காதுத் துணுக்கை வைத்தே இப்போது சொல்லிவிடுகிறார்களாம். அதற்காகக் கொட்டிலில் இருந்த ஒவ்வொரு மாட்டின் காதிலும் பொட்டளவு சதையைக் கத்தரித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்திருந்தாள்.

"எல்லா மாடும் இருக்கா?" என்று கேட்டேன். கேட்கிற குரலில் ஒன்றும் தெரியக்கூடாது என்று முயன்றேன்.

"எல்லாம்தான். அப்பாவோட மகாராணியும் உண்டு."

மகாராணி என்பது டெல்ஃபின். நான் வண்டியைக் கிளப்பினேன். தபால் நிலையம் இடப்பக்கம் வந்தது, இடப்பக்கமாகவே போய்விட்டது. மீன் வறுவல் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, உறையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாவது தட்டு வாங்காமல் எழுந்து வந்தேன். பரிமாறுகிற பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடம் இந்த வட்டாரத்தில் சினை ஊசி போட்டவன். இந்தப் பக்கத்து மாடுகளில் பாதிக்கு நான்தான் சம்பந்தம் பேசி முடித்தேன். மீதிப் பாதி அவற்றின் பேத்திகள். மொத்தம் ஒரு லட்சம் மாடுகள் இருக்கும். என் மனைவி லாவோன் கணக்கு டீச்சராக இருந்தவள். வருடத்துக்கு இத்தனை நாள், நாளைக்கு இத்தனை மாடு என்று பெருக்கி, நாற்பதாயிரத்தைத் தாண்டாது என்கிறாள். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவன் பெரிய வாழ்க்கை வாழ முடியாது.

அந்த நாற்பதாயிரத்தில் ஒன்றுதான் விவகாரம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி. குளிர் எப்படி என்றால், காக்கை கத்தினால் சத்தம் உறைந்து கீழே விழும். ஆர்விட் போன் செய்தான். அவனுடைய நல்ல மாடு ஒன்று பருவத்துக்கு வந்திருந்தது; கமாண்டர்தான் வேண்டும் என்றான். கமாண்டர் என்பது அன்றைக்கு ஊரே பைத்தியமாக இருந்த காளை. அதன் மகள்கள் பாலாகக் கொட்டுவார்கள் என்று பேச்சு. என் நைட்ரஜன் குடுவையில் அதன் விந்துக் குச்சி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. வண்டியிலேயே வெந்நீரில் குச்சியை இளக்கி, எஃகுக் குழலில் ஏற்றி, குளிர் படாமல் இருக்க வழக்கம்போல் சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிக்கொண்டு கொட்டிலை நோக்கி நடந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். மாட்டுக்குப் போகிற பொருளை மனிதச் சூட்டில் கொண்டுபோக வேண்டும்.

நடுவில் சமையலறைக் கதவு திறந்தது. ஆர்விட்டின் மனைவி பெர்னிஸ், இப்போது இல்லை, புண்ணியவதி, ஆப்பிள் பை இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினேன், ஒரு வாய் தின்றுவிட்டுப் போ என்றாள். கால் மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்த வாசனை இருக்கிறதே. ஒரு நிமிடம்தான் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். சாய்ந்தேன்.

படக்.

பெர்னிஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். "என்ன சத்தம்?" என்றாள். குழல் முனையில் குச்சி உடைந்து, உலகத்தின் தலைசிறந்த காளை அந்த நேரத்தில் என் முதுகுத்தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி, என்றேன். நாற்காலி உடைந்த மாதிரி இருக்கிறது.

வண்டிக்குப் போய்க் குடுவையில் தேடினேன். இருந்தது சன்டே மட்டும்தான். விற்பனைக்காரன் கமாண்டர் வாங்கினால் இலவசம் என்று தலையில் கட்டியிருந்த காளை. படத்தில் பார்த்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவன் முகம். யாரும் கேட்டதில்லை. அதைத்தான் போட்டேன். சினைப் பதிவு அட்டையில் கமாண்டர் என்று எழுதினேன். நிஜத்தைச் சொல்லி, இன்னும் மூன்று வாரம் காத்திருந்து அடுத்த பருவத்துக்கு வருகிறேன் என்றிருக்கலாம். அந்தக் குளிரில், முதுகு ஈரத்தோடு, அவ்வளவு நல்லவனாக இருக்க முடியவில்லை. சினை பிடித்தாலும் காளைக்கன்றாகத்தான் பிறக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டெல்ஃபின் பிறந்தாள்.

கமாண்டரின் மகள்களைப் பற்றிய உண்மை இரண்டு வருடத்தில் தெரிந்தது. பால் கொட்டியது, பொய்யில்லை. ஆனால் கன்று போட்ட பத்தாம் நாள் தீனியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாலுக்கு வேண்டியதைத் தன் கொழுப்பைக் கரைத்தே கொடுக்கும். அப்படிக் கரைந்தது ரத்தத்தில் ஏறி, மூச்சில் ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். நகப்பூச்சைத் துடைக்கிற திரவத்தையும் கனிந்து நைந்த பேரிக்காயையும் ஒன்றாகக் கலந்த மாதிரி. கீட்டோசிஸ் என்பார்கள். ஒன்று விழுந்தால் சமாளிக்கலாம். கமாண்டரின் மகள்கள் வரிசையாக விழுந்தன. மாவட்டம் முழுக்கக் கொட்டில்களில் பேரிக்காய்த் தோட்டம் பூத்த மாதிரி இருந்தது. நான் சாலையில் போகும்போதே எந்த வீட்டில் கமாண்டர் என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன்.

ஆர்விட் கொட்டிலில் மட்டும் ஒன்றும் இல்லை. டெல்ஃபின் கன்று போடுவாள், எழுந்து நிற்பாள், தின்பாள். அவள் மகள்கள் நான்கு பேரும் அப்படியே. தாயின் முதல் எழுத்திலேயே மகளுக்கும் பெயர் வைப்பது இங்கே வழக்கம். ஆகவே டோரிஸ், டிக்ஸி, டாட்டி, டக்மர். ஒன்றுக்கும் ஒரு நாள் காய்ச்சல் கிடையாது.

ஆர்விட் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தான். தான்தான் காரணம் என்று.

கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரம் அவன் மாட்டைத் தனியாகக் கட்டுவான். வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கலப்பான். கொழுக்க விடமாட்டான், பட்டினியும் போடமாட்டான். ஒரு நாளைக்கு நான்கு தடவை தொட்டியைக் கையால் துழாவிப் பார்ப்பான். குளிர்காலத்தில் நடக்கும் பண்ணையாளர் கூட்டங்களில் எழுந்து நின்று, "ரத்தம் இல்லய்யா, தொட்டிதான்" என்பான். கமாண்டரின் மகளையே நிற்க வைத்தவன் சொன்னால் யார் மறுக்க முடியும்? பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்து அவன் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது அவன் வீட்டுக் கூடத்தில் பெர்னிஸின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் அந்தப் பக்கம் பார்த்து உட்காருவதில்லை.

இதிலே இன்னொரு கொடுமை. ஆர்விட்டின் மூக்குக்கு அந்தப் பேரிக்காய் வாடை எட்டாது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. அவன் அப்பாவுக்கும் எட்டாது. அதனால் ஒவ்வொரு முறை டெல்ஃபின் கன்று போட்டதும் என்னைத்தான் கூப்பிடுவான். நான் போய் அவள் மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்பேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஒன்பது தடவை அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து, காபி கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்த உறை. பரிசோதனைக் கூடத்தில் முதலில் பார்ப்பதே அப்பன் யார் என்பதைத்தான். டெல்ஃபினின் காது வாய் திறந்தால் என் கதையும் முடிந்தது, அவன் கேடயமும் முடிந்தது. அறுத்துத் தைத்த இடுப்போடு நடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை முழுக்க வண்டியில் சுற்றினேன். தீவனக் கடைக்குப் போனேன், வேலை இல்லை. சீஸ் ஆலைக்குப் போனேன், வேலை இல்லை. உறை இருக்கைக்கு அடியிலிருந்து கலகலத்தது. நாற்பத்து மூன்று காதும் நான் விசில் அடிப்பதைக் கேட்கிற மாதிரி இருந்தது, நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாஸ்டர் உண்மையைப் பற்றிப் பேசினார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மதியம் டிவியில் பேக்கர்ஸ் அணியின் ஆட்டத்துக்கு நடுவில் எழுந்து போய் மூன்றாவது தடவையாக வண்டிக்கு எண்ணெய் பார்த்தேன். லாவோன் சோபாவிலிருந்து, உனக்கு வயிறு சரியில்லையா, மனசாட்சி சரியில்லையா என்றாள். வயிறு, என்றேன். எது என்று சொல், மாத்திரை ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை தபால் நிலைய வாசலில் உறையைப் பிரித்தேன். குப்பிகளில் எண்கள் இருந்தன. டெல்ஃபினின் எண் எனக்கு என் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும். அந்த ஒரு குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதி நாற்பத்து இரண்டையும் ஒட்டி அனுப்பிவிட்டேன். மகள்களின் காதும் பேசும், பாட்டன் யார் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பது வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்போதுதான் உறைத்தது. திருடுவதற்கும் படிப்பு வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்விட்டிடமிருந்து போன். டெல்ஃபின் பத்தாவது கன்று போட்டு எட்டு நாள் ஆகிறது, இந்தத் தடவை ஏன் வரவில்லை என்றான். "மூக்கை எங்கயாவது அடகு வெச்சுட்டியா? வாடா."

கொட்டிலின் நடுப்பாதையில் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அதே நாற்காலி. முதுகுச் சட்டம் உடைந்திருக்கும் என்று நம்பி, அந்த ஜனவரியில் மறுநாளே இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கியவன். கைத்தடி மடியில் இருந்தது. மாரிட் கையில் ரத்தம் பார்க்கிற சின்ன மீட்டரோடு நின்றாள். அவளிடம் மீட்டர் இருக்கும்போது என்னை ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்கலாம். அவள் கேட்டிருக்கிறாள். மீட்டர் இருக்கட்டும், முதலில் செல்மர் மோக்கட்டும் என்று சொல்லிவிட்டானாம்.

டெல்ஃபினைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தட்டியது. முதுகெலும்பு தெரியாமல் உருண்டையாக இருந்தாள். கன்று போட்ட மாடு மாதிரி இல்லை, கல்யாண விருந்துக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தாள். அவள் முன்னால் தீனி அப்படியே கிடந்தது. தொட்டியில் ஒரு குருவி உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

குனிந்தேன். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது.

பேரிக்காய்.

என் வயதில் எத்தனையோ பொய்யாகிறது. காது பொய், முழங்கால் பொய். மூக்கு மட்டும் இல்லை. இன்னொரு தடவை மோந்தேன். தோட்டமே இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் மாட்டின் வாயைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அட்டையில்தான் முடியும்.

"இருக்கு" என்றேன்.

மாரிட் வால் அடியில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். மீட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. அவள் எண்ணைப் படித்தாள். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. மருந்துப் பாட்டிலை எடுத்துவந்து, டெல்ஃபினின் தலையைத் தூக்கி, தித்திப்பு மருந்தைக் கடைவாய் ஓரமாக ஊற்றினாள். இரண்டு மூன்று நாள் ஊற்றினால் சரியாகிவிடும், தின்ன ஆரம்பிப்பாள் என்றாள். அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆர்விட் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பதினோரு வருஷம் உள்ளயே உக்காந்திருந்திருக்கான் பாரு, கமாண்டர்."

"அப்பா, ஒரு தடவைதானே வந்திருக்கு."

"நீதான் சரி. ரத்தம்தான். நான் தொட்டியத் துழாவி அவனைத் தூங்க வெச்சிருந்தேன், அவ்வளவுதான். நான் கை எடுத்ததும் முழிச்சுக்கிட்டான்." போனை எடுத்து அவளிடம் நீட்டினான். "அந்த மாட்டு டீலருக்குப் போடு. வியாழக்கிழமை வண்டி வருதுன்னான் இல்ல? டோரிஸ், டிக்ஸி, டாட்டி, டக்மர். நாலையும் ஏத்திடு. நான் இல்லாதப்ப வரிசையா விழப்போறதுங்களை நீ ஒருத்தியா எப்படித் தூக்கி நிறுத்துவ?"

"காதோட ரிசல்ட் வரட்டும்பா."

"எதுக்கு? ரிசல்ட்தான் கண்ணு முன்னாடி தின்னாம நிக்குதே."

ரத்தமா தொட்டியா என்று மூன்று வருடம் அப்பாவோடு மல்லுக்கட்டிய பெண். ஜெயித்தவள் போல அவள் தெரியவில்லை. போனை வாங்கினாள். கட்டைவிரலால் எண்ணைத் தேடினாள். டோரிஸ் அந்தப் பக்கத்திலிருந்து அசை போட்டபடி எங்களைப் பார்த்தது. மாவட்டத்திலேயே கெட்டிக்கார மாடு, அது என் முகத்தைத்தான் பார்த்தது என்று சத்தியம் செய்வேன்.

சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து மாரிட்டின் கையில் இருந்த போன்மேல் வைத்தேன். அவள் எண்ணைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை நீங்க அனுப்பலையா?"

நான் ஆர்விட்டிடம்தான் பேசினேன். எத்தனையோ கதைகளை எத்தனையோ ஜோடனையோடு சொன்னவன் நான். இதற்கு ஒரு ஜோடனையும் வாயில் வரவில்லை.

"ஆர்விட். அன்னைக்கு உடைஞ்சது நாற்காலி இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. ஜனவரியை, ஆப்பிள் பையை, சாய்ந்ததை, முதுகு ஈரத்தை, சன்டேயை, அட்டையில் எழுதியதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரைக்கும் குருவிகூடத் தின்பதை நிறுத்தியிருந்தது. இவள் உடம்பில் கமாண்டர் ஒரு சொட்டும் கிடையாது, என் பனியனில்தான் இருந்தது என்றேன். மாரிட் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை.

ஆர்விட் டெல்ஃபினின் தொட்டியைப் பார்த்தான்.

"அப்ப நான் நிறுத்தி வெச்சது கமாண்டர் பொண்ணை இல்ல."

"இல்ல."

"சும்மா விட்டாலும் நின்னிருக்கும்."

அவன் முகத்தில் ஒன்பது தடவை பார்த்த வெளிச்சம் எங்கே இருந்ததோ அந்த இடம் காலியாக இருந்தது. பிறகு புருவம் மெல்லச் சுருங்கியது. மகளைப் பார்த்தான்.

"சன்டே பொண்ணுன்னா இவ ஏன் விழுந்தா? கடைசி மூணு வாரம் இவளை எங்க கட்டின?"

மாரிட்டின் கழுத்து சிவந்தது. தனியாகக் கட்டி, வைக்கோல் நறுக்கி, தனித் தீனி கலக்க ஆள் எங்கே என்றாள். கறவை மாடுகளோடு விட்டுவிட்டாளாம். அதே சோளத் தீனி, வயிறு முட்ட.

"தொட்டி" என்றான் ஆர்விட், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக.

"ரத்தமும்தான்" என்றாள் அவள். "இல்லன்னா இந்தக் கொழுப்புக்கு என்னைக்கோ படுத்திருக்கும். மீதி நாலையும் இப்ப அனுப்ப முடியாது."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆர்விட் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். கைத்தடியால் அடித்தால் எந்தப் பக்கம் நகர்வது என்றுகூடப் பார்த்துவைத்திருந்தேன். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, புது இடுப்பைத் திட்டியபடி எழுந்து நின்றான்.

"மாரிட், அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தான். நான் நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். பிடி என்று யாரும் சொல்லவில்லை. துருப்பிடித்த திருகுகள் கிறீச்சிட்டன. ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் விழுந்தன. முதல் பட்டை கழன்றது. இரண்டாவதும் கழன்றது. டெல்ஃபின் கழுத்தை நீட்டி, மருந்து ஒட்டியிருந்த நாக்கால் இரும்பை ஒரு தடவை நக்கிப் பார்த்தாள்.

அவன் கட்டைவிரலால் மரத்தைத் தடவினான். பன்னிரண்டு வருட அழுக்குக்கு நடுவில், பட்டைகள் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு நீளமான வெளுத்த தடங்கள். திருகு இறங்கிய எட்டு ஓட்டைகளைத் தவிர அங்கே ஒரு கீறல் இல்லை.